கேஏ நம்பர் காரை வாங்கி டிஎன் நம்பர் போடுவது எப்படி

பெங்களூரில் செகண்ட் ஹேண்ட் கார் மலிவு என்பது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே வேலை மாறி வெளிநாடு போகிறவர்கள் அதிகம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர்களும் அதிகம், அதனால் விற்பனைக்கு நிற்கும் வண்டிகளும் அதிகம். நம் பக்கம் நிலவரம் வேறு. ஓடுகிற வண்டியை யாரும் லேசில் விற்கமாட்டார்கள், விற்றாலும் இன்னோவா மாதிரி வண்டிக்கு வைத்த விலையிலிருந்து இறங்கமாட்டார்கள். எனவே வித்தியாசம் உண்மைதான். ஆனால் போனில் தெரிகிற விலைக்கும், ஈரோட்டின் டிஎன் 33 என்றோ திருப்பூரின் டிஎன் 39 என்றோ நம்பர் போட்டு உங்கள் வாசலில் நிற்கும்போது ஆகியிருக்கும் விலைக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. அந்த நடுவில் இருப்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அங்கேதான் போகிறோம். கேரளா, தில்லி, புதுச்சேரி பற்றியும் பின்னால் கொஞ்சம் வரும்.

முதலில் வரி

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் வரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் லைஃப் டாக்ஸ், அதாவது வண்டிப் பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டுகிற சாலை வரி, ஏறியது. புதுக் கார் என்றால் 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேலே 20. வெளி மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயசுக்குத் தகுந்தபடி சதவீதம் குறையும், அது சரி. ஆனால் அந்தச் சதவீதம் நீங்கள் விற்றவருக்குக் கொடுத்த தொகைக்குப் போடுவதில்லை, வண்டி ஷோரூமிலிருந்து இறங்கியபோது என்ன விலையோ அதற்குப் போடுவது. இங்கேதான் பல பேருடைய கணக்கு கவிழ்கிறது.

புதுசில் 16 லட்சம் இருந்த ஒரு பெரிய கார் இப்போது 5 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி வயசுக்கு 10 சதவீதம் வரி வருகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் மனசுக்குள் 50 ஆயிரம் என்று போட்டிருப்பீர்கள், ஆபீஸில் 1,60,000 என்று வரும். இந்த ஒரு இடத்திலேயே பெங்களூர் லாபம் முழுவதும் போய்விடும். சின்ன காருக்கு இந்த அடி குறைவு. விலை சீக்கிரம் விழுந்துவிடுகிற பெரிய செடான், வெளிநாட்டுக் கம்பெனி எஸ்யூவி மாதிரி வண்டிகளுக்குத்தான் அதிகம், பெங்களூரில் கண்ணைப் பறிக்கிற விலைக்குக் கிடைப்பதும் அந்த வண்டிகள்தான்.

அதனால் வண்டியின் மாடல், முதல் பதிவு தேதி, பழைய இன்வாய்ஸ் விலை மூன்றையும் விற்பவரிடம் வாங்கிக்கொண்டு உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் போய், இதற்கு வரி எவ்வளவு வருமுங்க என்று கேட்டுவிடுங்கள். எந்த புரோக்கர் சொல்லும் தோராயத்தையும் நம்ப வேண்டாம். ஒரிஜினல் இன்வாய்ஸ் அவரிடம் இருந்தால் விடாதீர்கள், அதன் நகலாவது கையில் இருக்கட்டும்.

கர்நாடகத்தில் கட்டின வரி திரும்ப வருமே என்பார்கள். வரும். அங்கே 15 வருஷத்துக்குச் சேர்த்து லைஃப் டாக்ஸ் வாங்கியிருப்பார்கள், வண்டி நிரந்தரமாக வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அது இங்கே வரியைக் கட்டி, புது நம்பர் வாங்கின பிறகு நடக்கிற வேலை, மெதுவாக நடக்கிற வேலை, அந்தப் பணம் உங்களுக்கா பழைய ஓனருக்கா என்ற கேள்வியும் கூடவே வரும். என் கருத்து: அதைக் கணக்கில் சேர்க்காமலே விலை கட்டுப்படியானால் மட்டும் வண்டியை வாங்குங்கள். வந்தால் வரட்டும்.

போக்குவரத்துச் செலவு, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போகிற செலவு, இன்ஷூரன்ஸ், நம்பர் பிளேட், இரண்டு மூன்று நாள் வேலை கெடுவது எல்லாம் சேர்த்த பிறகும் உள்ளூர் விலையை விட நல்ல வித்தியாசம் நிற்க வேண்டும். பத்து இருபது ஆயிரத்துக்காக ஓசூரைத் தாண்டாதீர்கள்.

வீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டியவை

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில், எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஓனர் எத்தனையாவது ஆள், எந்த ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) எதுவரை செல்லும், லோன் ஏதாவது நிற்கிறதா என்பதெல்லாம் வரும். லோன் இருந்ததென்றால், ஹைப்பாத்திகேஷன் என்று பேங்க் பெயர் நிற்கும். 'லோன் எப்பவோ கட்டிட்டேங்க, ஆர்சியில எடுக்கல, அவ்வளவுதான்' என்பது சகஜமாகக் கேட்கிற பேச்சு. கட்டியிருக்கலாம். ஆனால் பேங்க் கொடுத்த என்ஓசியும் (ஆட்சேபமில்லைச் சான்று) ஃபார்ம் 35-ம் வைத்து அங்கே ஆர்டிஓவில் அதை நீக்கின பிறகே வண்டியை எடுக்க வேண்டும். நாமே பண்ணிக்கலாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தால், அடுத்தவர் லோனுக்காக நீங்கள் வேறு மாநில பேங்க் படியேறிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது ஃபைன். பெங்களூரு டிராஃபிக் போலீஸ் கேமரா வைத்துப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். சிக்னல் தாண்டினது, பெல்ட் போடாதது என்று ஒரு வண்டி மேலேயே பல ஆயிரம் நிற்கும். அங்கே நிலுவையே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றால், 2023-லும் 2025-லும் கர்நாடக அரசு பாதித் தொகை கட்டினால் போதும் என்று தள்ளுபடி கொடுத்து வசூலித்தது. பரிவாகன் சலான் பக்கத்திலும் பாருங்கள், கர்நாடகப் போலீஸின் சொந்தத் தளத்திலும் தனியாகப் பாருங்கள். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். எல்லாவற்றையும் விற்பவர் கட்டி ரசீது கொடுக்கட்டும்.

திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவில் தேடி ஒரு அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், ஆன்லைனிலேயே கிடைக்கும். வண்டியை வெளி மாநிலத்துக்கு விட அங்கே ஆர்டிஓ தருகிற என்ஓசி எடுக்கும் சமயத்திலோ இங்கே பதிவு சமயத்திலோ அதைக் கேட்பார்கள், அதனால் இது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

இன்னொன்று, இதைப் பலரும் கேட்பதே இல்லை. ஆர்சியில் பதிவாகி இருக்கிற மொபைல் நம்பர் இப்போதும் ஓனர் கையில் இருக்கிறதா? இப்போது பரிவாகனில் எந்த வேலை என்றாலும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். முதல் ஓனர் கனடா போய்விட்டார், அவரிடமிருந்து ஒரு டீலர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, பெயர் மாறவே இல்லை என்கிற வண்டிகள் பெங்களூரில் ஏராளம். பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 எல்லாம் ரெடியாக இருக்குங்க என்பார்கள். கையெழுத்து ரெடியாக இருந்து என்ன பயன், ஓடிபி சொல்ல ஆள் இல்லையென்றால் வண்டி நகராது. ஆர்சியில் பெயர் இருக்கிற ஆளிடம் நேராகவோ வீடியோ காலிலோ பேசாமல் ஒரு ரூபாய்கூட டோக்கன் போடாதீர்கள்.

டீலரிடம் வாங்குவதானால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும், ஓனரிடமிருந்து வண்டியைக் கையில் வாங்கியதை முறையாகத் தெரிவித்திருக்கவும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி மாறியிருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் டீ வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை அனுப்பச் சொல்லி அதில் நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு வருஷம் கிளைம் போடாமல் இருந்தால் 20, அப்புறம் 25, 35, 45, கடைசியாக 50 என்று ஏறும். ஆறு வருஷ வண்டி, ஒரே ஓனர், 'ஒரு கீறல்கூட இல்லை' என்கிறார், ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால் போன வருஷம் ஏதோ ஒன்று நடந்திருக்கலாம். அது என்னவென்று கேளுங்கள். அந்தப் போனஸ் உங்களுக்கு வராது, விற்பவருடனே போய்விடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

நேரில் பார்ப்பது

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எந்த விவசாயியும் விலை பேசத் துண்டுக்குள் கையை விடமாட்டார். அதே ஆள் கார் என்று வந்தால் போட்டோவைப் பார்த்தே ஜிபேயில் அட்வான்ஸ் போட்டுவிடுகிறார். ஊரிலிருந்து உங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்தால் போதும், அந்தக் காசு இந்த மொத்த வேலையிலேயே உருப்படியான செலவு. பெங்களூரில் தெரியாத மெக்கானிக்கை அங்கேயே பிடித்தால், அவர் யாருக்கு வேண்டியவர் என்று நமக்குத் தெரியாது.

பெங்களூர் வண்டிக்கென்று சில குணங்கள் உண்டு. கிலோமீட்டர் குறைவாக இருக்கும், ஆனால் அந்தக் கிலோமீட்டர் எல்லாம் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி மாதிரி இடத்து நெரிசலில் ஊர்ந்து ஓடினது. 40 ஆயிரம் ஓடின வண்டியில் கிளட்ச் போயிருப்பது அங்கே ஆச்சரியம் இல்லை. கிளட்ச் எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறது, மேட்டில் நிறுத்தி எடுத்தால் நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். பம்பர் நான்கு மூலையும் உரசியிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏசியை மட்டும் மறக்காமல் அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். அந்த ஊர் குளிருக்கு ஏசி பாதி வேலை செய்தாலே போதும், நம் ஊரில் சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் போகும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும்.

தண்ணீரில் நின்ற வண்டி பெரிய ஆபத்து. 2022 செப்டம்பரில் பெங்களூரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் அடுக்குமாடி பேஸ்மென்டில் நின்ற கார்களெல்லாம் மூழ்கின, டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டெப்னி குழிக்குள் கை விட்டுத் துருவைத் தடவிப் பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்பு ரெயில் துருப்பிடித்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதே இல்லை.

மீட்டர் திருப்பியிருக்கிறார்களா என்பதை மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்கள், அங்கே சர்வீஸ் விட்டதை அதே கம்பெனியின் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் கேட்டாலும் பெரும்பாலும் பார்த்துச் சொல்வார்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. 2019 வண்டி, 25 ஆயிரம்தான் ஓடியிருக்கிறது, ஆனால் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்றால் கணக்கு உதைக்கிறது. எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். பானெட் கீலில் இருக்கிற போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த இடத்தை மெக்கானிக் விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இதெல்லாம் முடிந்து வண்டி பிடித்துவிட்டது என்றால், சேசிஸ் நம்பரை ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுவிட்டு, அப்போதே பென்சிலால் தேய்த்து நாலைந்து பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ஓசி மனுவுக்கு அது வேண்டும். வண்டி கோபிசெட்டிபாளையத்தில் நிற்கும்போது பெங்களூரில் இருக்கிறவர் சேசிஸ் பிரிண்ட் கேட்டால் கூரியர் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பணமும் என்ஓசியும்

வரிசை முக்கியம். நல்ல வரிசை இது: ஒரு சின்ன அட்வான்ஸ், அதற்கு எழுத்து, அப்புறம் விற்பவர் ஃபார்ம் 28 போட்டு அவருடைய ஆர்டிஓவில் என்ஓசி எடுக்கிறார், என்ஓசி கைக்கு வந்த பிறகு மீதிப் பணம், வண்டி. பல பேர் இதற்குப் பொறுக்கமாட்டார்கள், விற்பவரும் சரி வாங்குபவரும் சரி. வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்தே ஆகவேண்டும் என்றால் நல்ல ஒரு தொகையை, அவருக்கு உறுத்துகிற அளவுக்கு, என்ஓசி வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு என்ஓசிக்காகப் போன் பண்ணினால், முதல் வாரம் எடுப்பார், அப்புறம் எடுக்கமாட்டார்.

என்ஓசியில் எந்த ஆர்டிஓவுக்கு என்று எழுதியிருக்கும். அது உங்கள் ஆதாரில் இருக்கிற முகவரிக்கு உரிய ஆபீஸாக இருக்க வேண்டும். பெருந்துறைக்காரர் டிஎன் 56-க்கு வாங்காமல் 'ஈரோடு' என்று பொதுவாகச் சொல்லி வைத்தால் டிஎன் 33-க்கு எழுதிவிடுவார்கள், அதை மாற்ற மறுபடி பெங்களூர். கோயம்புத்தூரில் தெற்கு, வடக்கு, மத்தி, மேற்கு என்று நான்கு இருக்கிறது, திருப்பூரில் இரண்டு. மனுப் போடுவதற்கு முன்னால் அந்த நம்பரை விற்பவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

பணத்தை பேங்க் மூலமாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனைக்கு ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது வருமானவரிச் சட்டம், ரொக்கத்தைக் கையில் வாங்குகிறவர்தான் மாட்டுவார், அதனால் விவரம் தெரிந்த விற்பவர் அவரே ஆர்டிஜிஎஸ் கேட்பார். பணம் போகும் கணக்கு, ஆர்சியில் பெயர் இருக்கிறவருடையதாக இருக்க வேண்டும். மச்சினன் கணக்கு, டிரைவர் கணக்கு எல்லாம் வேண்டாம்.

வண்டியைக் கையில் வாங்கும் அன்று தேதி, நேரம், கிலோமீட்டர் போட்டு டெலிவரி நோட் இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை மணிக்கு வண்டி கைமாறியது என்பது இரண்டு பேருக்கும் காப்பு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னால் பெயர் மாற்றக் காகிதங்களுக்கு அவரே உங்களைத் துரத்துவார். ஃபார்ம் 29, ஃபார்ம் 30, அவருடைய ஆதார், பான் நகல்கள், எல்லாவற்றிலும் ஆர்டிஓவில் இருக்கிற அதே கையெழுத்து. இரண்டு சாவி. இரண்டாவது சாவி வீட்டில் தேடிக்கொடுக்கிறேன் என்றால் அவர் தேடும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஊருக்கு ஓட்டி வருவது

இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், புகைச் சான்றிதழ் இருக்க வேண்டும், அசல் ஆர்சி வண்டியில் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு மாறிவிடும், ஆனால் 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு, பாலிசி உங்கள் பெயருக்கு மாறாதவரை கிளைம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

பழைய ஓனரின் ஃபாஸ்டாக்கை அவர் மூடிவிடட்டும், நீங்கள் வேறு வாங்குங்கள். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி டேக் இல்லாமல் டோல் கேட்டில் ரொக்கம் கொடுத்தால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அத்திப்பள்ளியில் ஆரம்பித்து கணியூர் வரை வரிசையாக டோல் இருப்பதால் இது சின்னக் காசு இல்லை.

பாதை என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், சங்ககிரி வழிதான் நல்லது. கோயம்புத்தூருக்கு சுமார் 360 கிலோமீட்டர். பழகாத வண்டி, பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று இன்னும் கைக்கு வராத வண்டி, அதனால் தொப்பூர் கணவாயில் ஜாக்கிரதை. தர்மபுரியிலிருந்து வரும்போது அது முழுக்க இறக்கம், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறின விபத்துகள் அங்கே எத்தனையோ. கியரைக் குறைத்து இடது பக்கமாக இறங்குங்கள், லாரிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். அதற்கு முன்னால் கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்தி, கீழே ஆயில் சொட்டுகிறதா, டெம்பரேச்சர் ஏறுகிறதா, டயர் கை வைக்க முடியாமல் கொதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சத்தியமங்கலம், கோபி, புளியம்பட்டிக்காரர்களுக்குக் கொள்ளேகால், சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம் வழி ஆசை வரும். பண்ணாரி அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கி பூஜை போட்டுவிட்டு ஊருக்குள் போகலாம் என்ற நினைப்பு வேறு. தப்பில்லை. ஆனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி, புலிகள் காப்பகத்துக்குள் ராத்திரி 9 மணி முதல் காலை 6 வரை கார்களுக்கு அனுமதி இல்லை, லாரிகளுக்கு மாலை 6-லிருந்தே இல்லை, 2022-ல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. பேரம் பேசி முடித்து மத்தியானம் மூன்று மணிக்குப் பெங்களூரை விட்டுக் கிளம்புகிறவர் அந்த வழியை மறந்துவிடுவதே மேல். மைசூர் போய் பந்திப்பூர் வழியாக வரலாமா என்றால் அங்கேயும் ராத்திரி 9 முதல் 6 வரை கேட் மூடிவிடும்.

நம் ஆர்டிஓ ஆபீஸில்

'வேற மாநில நம்பரை ஒரு வருஷம் வரைக்கும் ஓட்டலாம், சட்டமே இருக்குது' என்று டீக்கடையில் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவில் 12 மாதம் என்று இருப்பது உண்மை. அது, வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பதற்கு. ஓனர் மாறினால் அது 50-வது பிரிவு, வாங்கினவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கிற உங்கள் தம்பி அவருடைய சொந்தக் காரில் பொங்கலுக்கு வருவது ஒன்று, நீங்கள் காசு கொடுத்து வாங்கி வந்து ஒரு வருஷம் கேஏ நம்பரில் காங்கேயம் ரோட்டில் ஓட்டுவது வேறொன்று. வாகனத் தணிக்கையில் இரண்டாவது ஆளைத்தான் பிடித்து உட்கார வைப்பார்கள், வரியும் அபராதமும் சேர்த்து.

பரிவாகனில் மனுவை ஏற்றி, கட்டணத்தையும் வரியையும் ஆன்லைனில் கட்டி, காகிதக் கட்டோடு வண்டியை ஆபீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டில் இருக்க வேண்டியது: அசல் ஆர்சி, என்ஓசி, புது நம்பருக்கு ஃபார்ம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30, லோன் போட்டு வாங்கியிருந்தால் 34, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பழைய இன்வாய்ஸ் நகல், உங்கள் ஆதார், பான், போட்டோ, சேசிஸ் பிரிண்ட், திருட்டு இல்லை என்ற அறிக்கை. எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். நம் ஊர் ஆள்கள் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்த்து சேசிஸ் நம்பரைச் சரிபார்ப்பார். கறுப்பு ஃபிலிம், பெரிய சைலன்ஸர், முன்னால் புல் கார்டு என்று பழைய ஓனர் ஆசைப்பட்டு மாட்டியதையெல்லாம் அதற்கு முந்தின நாளே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆபீஸ் வாசலில் இருக்கும் ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா? நேரம் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வரி ரசீது அரசு தளத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள், அவர் கையால் எழுதிக் கொடுக்கும் தொகையை வரி என்று நம்பிக் கொடுக்காதீர்கள். ஆதாரில் உங்கள் மொபைல் நம்பர் இணைந்திருந்தால், காகிதம் ஒழுங்காக இருந்தால், ஒருவரே செய்துகொள்ளக்கூடிய வேலைதான் இது.

புது நம்பர் ஒதுக்கியதும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு ஆர்டர் கொடுத்து மாட்டுங்கள். ஆர்சி கார்டு கையில் தரமாட்டார்கள், 2024-லிருந்து ஸ்பீடு போஸ்டில்தான் வருகிறது. முகவரி தப்பாக இருந்தாலோ வீடு பூட்டியிருந்தாலோ திரும்பிப் போய்விடும், தோட்டத்து வீட்டுக்காரர்கள் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. இன்ஷூரன்ஸிலும் ஃபாஸ்டாக்கிலும் புது நம்பரை ஏற்ற வேண்டும். ஆர்சி காலம் மட்டும் மாறாது. 2014-ல் பதிவான வண்டிக்கு 2029 வரைதான், நீங்கள் எப்போது வாங்கினாலும்.

மற்ற ஊர்கள்

கேரளத்துப் பாலக்காடு நம் பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பக்கம், வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர். முறை எல்லாம் இதேதான், ஆனால் கேரள வண்டியில் துரு பார்ப்பதுதான் முதல் வேலை. லிஃப்டில் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள், கடலோர ஊர் வண்டி என்றால் இன்னும் கூடுதலாக. 2018 வெள்ளத்துக்கு முந்தின வண்டிகளுக்கு மேலே சொன்ன சீட் பெல்ட் சோதனை கட்டாயம்.

புதுச்சேரி வண்டியின் விலை குறைவுக்குக் காரணம் அங்கே வரி குறைவு. இங்கே கொண்டுவந்தால் நம் வரி முழுசாக வரும், அப்போது லாபம் எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தில்லியில் 10 வருஷம் தாண்டின டீசலும் 15 வருஷம் தாண்டின பெட்ரோலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் வயசை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது, விஷயம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் 8, 9 வருஷ டீசல் அங்கே அடிமாட்டு விலைக்குப் போனது. வயசான டீசலுக்கு அங்கே என்ஓசி கிடைக்குமா, உங்கள் ஆர்டிஓ அதை ஏற்குமா என்று இரண்டு பக்கமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சுமார் 2,500 கிலோமீட்டர் ஓட்டி வருவதை விட கார் ஏற்றும் கன்டெய்னர் லாரியில் போடுவது புத்திசாலித்தனம். ஏற்றும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் ரசீது வாங்கி, டேங்கில் கொஞ்சமாக மட்டும் எண்ணெய் விட்டு அனுப்புங்கள். பைக் என்றால் ரயில் பார்சல் ஆபீஸிலேயே போடலாம், பெட்ரோலைச் சுத்தமாக இறக்கி, சாக்கு சுற்றி, ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கொடுக்க வேண்டும்.

லாரி, டிப்பர் வாங்க நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதல்முறை வாங்குகிற ஆள் என்றால், கார் மாதிரி நினைக்காதீர்கள். பர்மிட்டைப் பழைய ஓனர் ஒப்படைத்த ரசீது, எஃப்சி என்கிற தகுதிச் சான்று, கடைசிக் காலாண்டு வரை வரி கட்டின சான்று இல்லாமல் என்ஓசியே நகராது.

கடைசியாக, புது ஆர்சி வந்ததும் அதன் நகலைப் பெங்களூர்க்காரருக்கு அனுப்பிவிடுங்கள், பழைய நம்பரில் வரும் தொல்லை இனி அவருக்கு இருக்காது. வரி திரும்பப் பெறும் மனுவுக்கும் அந்த நகல்தான் வேண்டும், கூடவே இங்கே வரி கட்டின ரசீது, அங்கே கட்டினதற்கு ஆதாரம், என்ஓசி நகல். மனு அங்கே பழைய ஆர்டிஓவுக்குப் போகும். பணம் யாருக்கு, எத்தனை பங்கு என்பதை டெலிவரி நோட்டிலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இந்த இடத்தில் போன் சண்டை வராது.